சொன்ன சொல்லே பொறுமையின் வேர்

"பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பது நம் முன்னோர் வாக்கு. இதன் உண்மையை ரப்பர்த் தோட்டத் தொழிலாளரைவிட நன்கு அறிந்தவர் யார்? கன்று நட்டு ஏறத்தாழ ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் சென்ற பின்னரே மரம் பால் வெட்டுக்கு வருகிறது. உரிய பருமன் அடையுமுன் கத்தி வைத்தால் மரத்தின் வளர்ச்சி குன்றும். மரத்துக்காகக் காத்திருக்கத் தெரிந்த நம் இல்லங்களிலும், கேட்டது உடனே கிடைக்கவேண்டும் என்று பிள்ளைகள் அடம்பிடிப்பதைக் காண்கிறோம். அவர்களுக்குப் பொறுமையை எவ்வாறு கற்பிப்பது?

உளவியல் அறிஞர் வால்டர் மிஷல், அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தில் 1960களின் பிற்பகுதியில் இதனை ஆராயத் தொடங்கினார். உடனே வேண்டுமெனில் சிறிய பரிசு, காத்திருந்தால் பெரிய பரிசு என்று பாலர் பள்ளிச் சிறுவர்களிடம் கூறப்பட்டது. தின்பண்டம் கண்ணெதிரே இருந்தபோது பிள்ளைகள் விரைவில் பொறுமை இழந்தனர். அது மறைத்து வைக்கப்பட்டபோது நெடுநேரம் காத்திருந்தனர்.

ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தினர் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இன்னொரு காரணத்தையும் காட்டியது. 28 சிறுவர்களுக்கு முதலில் நல்ல வண்ணப் பொருள்கள் தருவதாக வாக்களிக்கப்பட்டது. பாதிப் பேருக்கு வாக்கு நிறைவேற்றப்பட்டது. மற்றவர்களுக்கு, "இல்லை" என்று கைவிரிக்கப்பட்டது. பின்னர் இனிப்பு வைத்துச் சோதித்தபோது, முன்னவர்கள் சராசரியாக 12 நிமிடம் காத்திருந்தனர். ஏமாற்றப்பட்டவர்களோ 3 நிமிடமே பொறுத்தனர். ஆகவே, அவசரப்படும் பிள்ளையைக் குணங்கெட்டவன் என்று கடிவது சரியன்று. காத்திருப்பதால் பயனில்லை என்பதை அவன் அனுபவத்தில் கற்றிருக்கலாம்.

பெரியவர்களுக்கும் இஃது பொருந்தும். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து தவித்த காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டு தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். குறைந்த ஊதியத்திலிருந்து மாதம் பத்து வெள்ளி வீதம் தொழிலாளர் பங்குப்பணம் செலுத்தினர். அப்பணத்தைக் கொண்டு தோட்டங்கள் வாங்கப்பட்டன. நம்பிக்கை இருந்ததனாலேயே அவர்கள் இன்றைய தேவையைச் சுருக்கி நாளைக்குச் சேமித்தனர்.

பெற்றோர் செய்யவேண்டியவை யாவை? அழுகையை நிறுத்துவதற்காக, "அடுத்த சம்பளத்தில் சைக்கிள்" என்று கூறாதீர்கள். இயன்றதை மட்டுமே கூறுங்கள். முதலில் ஒரு நாள், பிறகு ஒரு வாரம், அதன்பின் ஒரு மாதம் எனக் காத்திருக்கப் பழக்குங்கள். பிள்ளையின் உண்டியலை அவனறியாமல் உடைக்காதீர்கள். அவசரத்துக்கு எடுக்க நேர்ந்தால் அவனிடம் கேட்டு எடுத்து, குறித்த நாளில் திருப்பி வையுங்கள். வாக்கைக் காக்க இயலாதபோது, காரணத்தையும் புதிய நாளையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

கையில் காணும் கூலிக்காகப் படிப்பை நிறுத்த விழையும் இளைஞனுக்கு அறிவுரை மட்டும் போதாது. படிப்பையோ தொழிற்பயிற்சியையோ முடித்து நல்ல வேலையில் அமர்ந்த ஒருவரிடம் அவனை அழைத்துச் செல்லுங்கள். காத்திருந்தவர் பெற்ற பயனை அவன் நேரில் காணட்டும்.

பொறுமை என்பது நம்பிக்கையில் வேரூன்றி வளர்வது. இன்று பிள்ளைக்குக் கொடுத்த சிறு வாக்கைக் காப்பாற்றுங்கள். நாளை அவன் பெரிய பயனுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்வான்.