நெருக்கடியில் நிலைபெறுதல் – 4: கைதியின் கையிலிருந்த நூல்

துன்பம் சூழ்ந்த காலத்தில் மனத்தை எவ்வாறு ஆள்வது என்ற கேள்வியையும், அத்துன்பத்தை விளைவித்த அநீதியை எவ்வாறு எதிர்ப்பது என்ற கேள்வியையும் தனித்தனியே வைத்து, முன்னதைத் துறவிக்கும் பின்னதைப் போராளிக்கும் உரியதாகப் பிரித்துக் கொடுக்கும் பழக்கம் நெடுங்காலமாக இருந்துவருகிறது. சென்ற வாரம் கண்ட மார்க்கஸ் அரேலியஸ், டான்யூப் நதிக்கரைப் போர்முகாமில் தமக்கென்றே குறிப்புகள் எழுதிக்கொண்டிருந்தபோது ரோமானியப் பேரரசின் படையும் கருவூலமும் அவர் ஆணைக்குக் காத்திருந்தன. அவற்றில் எதுவுமின்றி, தம் உடலின் உழைப்பைக்கூடப் பிறர் தீர்மானிக்கும் நிலையில் இருந்த ஒருவர் இக்கேள்விகள் இரண்டையும் பிரிக்காமல் வாழ்ந்து காட்டியிருக்கிறார் என்பதால், இப்பகுதி வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சிறை ஆண்டுகளைப் பற்றியதாக அமைகிறது.

1906-இல் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தை நிறுவி, ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்தின் தனியாதிக்கத்திலிருந்த தூத்துக்குடி–கொழும்பு கடல்வழியில் போட்டியை உண்டாக்கிய வ.உ.சி., 1908-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநின்றார். அவ்வாண்டு மார்ச் 12-ஆம் நாள் கைது செய்யப்பட்டார். அரசின்மேல் வெறுப்பைத் தூண்டும் பேச்சையோ எழுத்தையோ குற்றமாக்கும் அரச நிந்தனைச் சட்டப்பிரிவின் கீழ் நடந்த வழக்கில், நீதிபதி பின்ஹே ஜூலை 7-ஆம் நாள் அவருக்கு இரட்டைத் தீவாந்தர தண்டனை, அதாவது கடல் கடந்த தீவுக்கு நாடுகடத்தி ஆயுள் முழுதும் சிறைவைக்கும் தண்டனையை இருமுறை, விதித்தார். அப்போது அவருக்கு வயது 35. மேல்முறையீட்டில் தண்டனை ஆறாண்டுகளாகக் குறைந்தது எனினும், அவர் கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் அடைபட்டிருந்த காலத்திலேயே கப்பல் நிறுவனம் சிதைந்து கலைந்துபோயிற்று. அண்ணன் பெற்ற தண்டனையைக் கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் மனநிலை பிறழ்ந்தார். உடைமை, தொழில், குடும்பம், உடல் ஆகிய நான்கும் ஒரே வேளையில் தாக்கப்பட்ட நிலை அது.

சிறையில் நிகழ்ந்தவற்றை வ.உ.சி. பிற்காலத்தில் அகவற்பாவில், அதாவது உரைநடைக்கு நெருங்கிய ஓட்டமுடைய ஆசிரியப்பாவில், இயற்றிய ‘சுயசரிதை’ விவரிக்கிறது. பரலி சு. நெல்லையப்பரின் வேண்டுகோளுக்கு இணங்கி எழுதப்பட்ட அந்நூலில், சணல் கிழிக்கும் இயந்திரத்தைச் சுற்றிக் கைத்தோல் உரிந்து இரத்தம் கசிந்ததும், அதனைக் கண்ட சிறை அதிகாரி மாட்டுக்குப் பதிலாக அவரை வெயிலில் எண்ணெய்ச் செக்கைத் தள்ள அனுப்பியதும் மிகையின்றிச் சொல்லப்பட்டுள்ளன. பட்ட துன்பத்தை இல்லையென்று மறைக்காமலும் அதனையே தம் முழு அடையாளமாக ஆக்கிக்கொள்ளாமலும் எழுதப்பட்ட அந்த நடையே அவருடைய மனநிலைக்கு முதற் சான்று.

இத்தகைய நாள்களில்தான் அவர் ஜேம்ஸ் ஆலனைத் தமிழாக்கினார். 1864-இல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் பிறந்த ஆலன், எண்ணமே செயலாகவும், செயலே பழக்கமாகவும், பழக்கமே குணமாகவும் முதிர்ந்து, குணத்திற்கேற்பவே வாழ்க்கை அமைகிறது என்ற கருத்தை எளிய சிறுநூல்களில் பரப்பியவர். 1903-இல் அவர் வெளியிட்ட சிறுநூல் ஒன்று வ.உ.சி.யின் மொழிபெயர்ப்பில் ‘மனம்போல வாழ்வு’ ஆயிற்று. ‘அகமே புறம்’, ‘வலிமைக்கு மார்க்கம்’ ஆகியவை பின்னர் வெளிவந்தன.

இவ்விடத்தில் எழும் இடர்ப்பாட்டைத் தவிர்த்துச் செல்வது நேர்மையன்று. மனிதனின் புறநிலை அவன் எண்ணத்தின் விளைவே என்ற கோட்பாட்டை முழுமையாக ஏற்றால், செக்கிழுத்தவரின் துன்பத்திற்கும் அவரே காரணர் என்றாகிவிடும். ஏழையின் வறுமைக்கும் நோயாளியின் நோய்க்கும் அவர்களையே குற்றவாளிகளாக்கும் கொடுமைக்கு இக்கருத்து இன்றும் துணைபோவதுண்டு. தம்மைச் சிறையிட்டது எந்த அரசு, எந்தச் சட்டம், எந்த வணிக நலன் என்பதை நன்கறிந்த வழக்கறிஞராகிய வ.உ.சி. இதனை அந்தப் பொருளில் கொண்டிருக்க முடியாது. தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்த கையே ஆலனையும் மொழிபெயர்த்தது. தமக்கு நேர்ந்ததற்குக் காரணம் காட்டும் விளக்கமாக அவர் ஆலனைக் கொள்ளவில்லை. நேர்ந்தபின் தம் வசம் எஞ்சியிருந்ததை ஒழுங்குபடுத்தும் கருவியாகவே கொண்டார் எனக் கருதுவதே அவருடைய வாழ்க்கையோடு பொருந்துகிறது.

மேலும், அவர் தேர்ந்த வழி தியானமோ மௌனமோ அன்று, வேலை. ஒரு மொழியின் வாக்கியத்தை மற்றொரு மொழியில் நிறுத்துவதும், சீரும் தளையும் பிசகாமல் வெண்பா அமைப்பதும் சிதறும் கவனத்தை ஒருமுகப்படுத்தும் உழைப்புகள். உறவினர்க்கும் நண்பர்க்கும் செய்யுளாகவே அவர் எழுதியவை பின்னர் ‘பாடல் திரட்டு’ நூலில் இடம்பெற்றன. அந்த உழைப்பு அவரோடு நிற்கவுமில்லை. கண்ணனூர்ச் சிறையில் உடனிருந்த கைதிகளுக்கு அவர் அறநெறி கற்பித்ததன் பயனே ‘மெய்யறம்’. 125 அதிகாரங்களைக் கொண்ட அந்நூல் மாணவரியல், இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல், மெய்யியல் என ஐந்து பகுதிகளாகப் பிரிகிறது. அவற்றுள் அரசியலுக்கு மட்டும் 50 அதிகாரங்கள், இறுதி மெய்ப்பொருளைப் பேசும் மெய்யியலுக்கு ஐந்தே அதிகாரங்கள். அகத்தில் ஒடுங்கிவிட விரும்பிய ஒருவர் நூலை இவ்வாறு பகுத்திருக்கமாட்டார்.

1912 டிசம்பரில் விடுதலையானபோது வழக்கறிஞர் தொழில் செய்வதற்கான உரிமமாகிய சனதும் அவரிடம் இல்லை. சென்னையில் மளிகைக் கடை நடத்தியும் வறுமை தீரவில்லை. அந்த ஆண்டுகளில்தான் தொழிற்சங்கப் பணியும், திருக்குறளுக்கு மணக்குடவர் எழுதிய உரையின் பதிப்புப் பணியும் நடந்தன. பின்னர் சனதைத் திரும்பப் பெற உதவிய ஆங்கிலேய நீதிபதி வாலேஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்தவர் ஆங்கிலேயர் ஒருவரிடம் நன்றி பாராட்டத் தயங்காதது, பகையிலும் அவருடைய நிதானம் குலையவில்லை என்பதைக் காட்டுகிறது.

ஆலனுடைய மற்றொரு நூலின் தமிழாக்கமான ‘சாந்திக்கு மார்க்கம்’ 1934-இல், வ.உ.சி. மறைவதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்பு வெளிவந்தது. தன்னம்பிக்கை நூல்களின் வரிசையில் ‘மனம்போல வாழ்வு’ நூலை மட்டும் எடுத்துப் படிக்கும் வாசகர்கள், ‘மெய்யற’த்தின் அரசியல் பகுதியையும் ‘சுயசரிதை’யையும் அதனோடு சேர்த்தே படிக்க வேண்டும்.