கார் கைமாறும்போது சாலை வரி யாருக்கு?

கார் மாற்றப் போகிறவர்கள் விலையைப் பற்றிப் பத்து நாள் பேசுவார்கள். சாலை வரியைப் பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசமாட்டார்கள். "வரி இன்னும் எட்டு மாதத்திற்கு இருக்கிறதே, அந்தப் பணம் திரும்பக் கிடைக்குமா?" என்ற கேள்வி, கார் கைமாறிய பிறகுதான் எழுகிறது.

சிங்கப்பூரில் சாலை வரி வண்டியோடு போகும். காப்புறுதி உரிமையாளரோடு நிற்கும். இந்த ஒன்றை நினைவில் வைத்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

விற்றால்

காரை இன்னொருவர் பெயருக்கு மாற்றினால், மீதமுள்ள வரி புதிய உரிமையாளருக்குப் போய்விடும். நிலப் போக்குவரத்து ஆணையம் உங்களுக்கு எதையும் திருப்பித் தராது. 1,600 சிசி பெட்ரோல் காருக்கு ஆண்டு வரி சுமார் 740 வெள்ளி. எட்டு மாத வரி மீதமிருக்கும்போது விற்றால், ஏறக்குறைய 500 வெள்ளி வாங்குபவருக்குச் சேர்கிறது. ஆகவே விலை பேசும்போதே இதையும் கணக்கில் சேர்த்து, ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பதிவை நீக்கினால்

காரை உடைப்பதற்கோ ஏற்றுமதிக்கோ கொடுத்துப் பதிவை நீக்கினால், பயன்படுத்தாத காலத்திற்குரிய வரி திருப்பித் தரப்படும். அப்போது வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவருக்கே அது கிடைக்கும். பழைய காரை முகவரிடம் கொடுத்துப் புதிய கார் எடுப்பவர்கள், "பெயரை மாற்றப் போகிறீர்களா, பதிவை நீக்கப் போகிறீர்களா?" என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

ஆறு மாதமா, ஓராண்டா?

ஓராண்டுக்குச் சேர்த்துக் கட்டினால் கழிவு எதுவும் இல்லை. ஆறு மாத வரியின் இருமடங்குதான். விரைவில் கார் மாற்றும் எண்ணம் இருந்தால் ஆறு மாதத்திற்கு மட்டும் கட்டுவதே நல்லது.

வாங்குபவர் கவனத்திற்கு

சாலை வரி வில்லையைக் கண்ணாடியில் ஒட்டும் வழக்கம் 2017ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. ஆகவே வரி எதுவரை செல்லும் என்பதை ஒன்மோட்டாரிங் இணையத்தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியின் வயதும் முக்கியம். பத்து ஆண்டைத் தாண்டிய காருக்கு வரியோடு 10 விழுக்காடு கூடுதல் கட்டணம் உண்டு. அது ஆண்டுதோறும் ஏறி, பதினான்கு ஆண்டைத் தாண்டும்போது 50 விழுக்காட்டை எட்டும். வாகன உரிமைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்ட பழைய கார் மலிவாகத் தெரியலாம். ஆனால் அதே 1,600 சிசி காருக்கு ஆண்டு வரி 1,100 வெள்ளியைத் தாண்டிவிடக்கூடும்.

பெயர் மாறும்வரை பொறுப்பு உங்களுடையதே

சாவியைக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். பெயர் மாற்றம் பதிவாகும்வரை அபராதக் கடிதங்கள் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். வரி காலாவதியான காரை ஓட்டுவது மட்டுமல்ல, வீவக கார் நிறுத்துமிடத்தில் நிறுத்தி வைப்பதும் குற்றமே. காரை ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மாற்றம் உறுதியான பிறகே பழைய காப்புறுதியை ரத்துச் செய்யுங்கள்.

விபத்து இழப்பீடு கோராமல் ஓட்டியதற்காகச் சேர்ந்த கழிவு, ஐந்து ஆண்டில் 50 விழுக்காடுவரை உயர்ந்திருக்கலாம். அது உங்களுடையது. புதிய காரின் காப்புறுதிக்கு அதைக் கேட்டு வாங்க மறந்துவிடாதீர்கள்.