விலைக்கு அஞ்சி மருந்தை நிறுத்தலாமா?

சாகாமம் போன்ற விவசாயக் கிராமங்களில் கூலி உழைப்பை நம்பி வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு மூட்டுவாதம் வலியோடு ஓயாத செலவையும் கொண்டுவருகின்றது. அரசாங்க வைத்தியசாலையில் மருந்து இலவசமே. ஆயினும், இருப்பு இல்லாதபோது வெளியே வாங்க நேரிடுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் இந்த அவலத்தை நாடே அனுபவித்தது.

1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவரான பேராசிரியர் சேனக பிபிலே, மருந்துகளை வர்த்தகப் பெயரிலன்றிப் பொதுப் பெயரில் கொள்வனவு செய்தால் விலை குறையும் எனச் செயலில் காட்டினார். அப்பாடம் இன்றும் பொருந்தும். மூட்டுகளை அரிக்கும் வாதநோய்க்கு முதலில் வழங்கப்படும் மெதொட்ரெக்சேட், காப்புரிமை காலாவதியான மலிவான மருந்தாகும். அது போதாதவர்களுக்குத் தேவைப்படும் அடலிமுமாப் போன்ற ஊசிமருந்துகளோ ஏழைக்கு எட்டாதவை. 2016இல் 48 மருந்துகளுக்கு உச்ச விலை விதிக்கப்பட்டமை நல்ல தொடக்கமே. ஆனால், இருப்பில் இல்லாத மருந்துக்கு விலைக்கட்டுப்பாடு பயன் தராது.

செலவுக்கு அஞ்சி மருந்தைத் தாமாகவே நிறுத்துவோரின் மூட்டுகள் மீளச் சீராகாதவாறு சிதையக்கூடும். பொதுப் பெயரில் எழுதித் தருமாறும், மலிவான மாற்று உண்டா எனவும் வைத்தியரிடம் தயங்காது கேட்க வேண்டும். அம்பாறைக் கரையோர வைத்தியசாலைகளில் இம்மருந்துகள் தடையின்றிக் கிடைக்கச் செய்வது அரசின் கடமையாகும்.