மேலே பளபளப்பு, கீழே துரு: கார் வாங்கும்முன் குனிஞ்சு பாருங்க



கொடைரோடுல எங்க தெருவுல இருக்கிற தம்பி ஒருத்தர், மதுரையில வேலை பார்க்கிறார். போன மாசம் ஒரு செகண்ட் ஹேண்ட் காரை ஓட்டிப் பார்க்க எடுத்துட்டு நேரா என்கிட்ட வந்தார். "அண்ணா, 3.40 லட்சம் சொல்றாங்க. லோன் போட்டா இ.எம்.ஐ. எவ்வளவு வரும்?"

இ.எம்.ஐ. கணக்கு அஞ்சு நிமிஷ வேலை. அதுக்கு முன்னாடி, தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிட்டு, வாட்டர் சர்வீஸ்ல வண்டியை லிஃப்ட்ல ஏத்தினோம். மேல பெயிண்ட் கண்ணாடி மாதிரி இருந்துச்சு. கீழ ஃப்ளோரை மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரால லேசா தட்டினார். ஒரு இடத்துல அது உள்ளயே இறங்கிடுச்சு! தகடு வெட்டி, வெல்டிங் பண்ணி, டிங்கரிங் முடிக்க 40,000 ரூபாய் ஆகும்னார். ஆர்.சி.யைப் பார்த்தா டி.என். 69, தூத்துக்குடி பதிவு.

இரும்பு, தண்ணி, காத்து மூணும் சேர்ந்தா துரு. அதுல உப்பும் சேர்ந்தா வேகம் பல மடங்கு. நம்ம ஊர்ல கடல் இல்ல, ஆனா கார் ஊர் ஊரா கை மாறும். 2015 டிசம்பர்ல சென்னையில வெள்ளம். 2023 டிசம்பர்ல தென் மாவட்டங்கள்ல வெள்ளம். காயல்பட்டினத்துல மட்டும் ஒரே நாள்ல சுமார் 95 செ.மீ. மழை. கடலோர வண்டி எல்லாம் மோசம்னு சொல்லல. ஆனா கீழ பார்க்காம வாங்காதீங்க.

இந்த நஷ்டத்தை யார் தருவா?

யாரும் தர மாட்டாங்க. வெள்ளத்துல வண்டி மூழ்கினா காம்ப்ரஹென்ஸிவ் பாலிசியில க்ளைம் உண்டு. ஆனா மெதுவா அரிக்கிற துரு, தேய்மானக் கணக்குல போயிடும். ஜீரோ டெப் எடுத்திருந்தாலும் இதுக்கு உதவாது. பிசினஸ்ல ஓடுற காருக்கு வருமான வரியில 15% தேய்மானம் கழிக்கலாம். சம்பளக்காரர் சொந்த உபயோகத்துக்கு வாங்கின காருக்கு அதுவும் கிடையாது. 15 வருஷம் முடிஞ்சு ஆர்.சி. புதுப்பிக்கும்போது வண்டியைப் பரிசோதிக்கணும். அதனால, வரவிடாம தடுக்கிறதுதான் லாபம்.

துரு இருந்தா என்ன செய்யலாம்?

மேலோட்டமான துருன்னா, வயர் பிரஷ், எமரி ஷீட் வச்சு நல்லா தேய்ச்சு எடுங்க. ரஸ்ட் கன்வர்ட்டர் தடவி, காய்ஞ்சதும் ப்ரைமர், அதுக்கு மேலதான் கோட்டிங். துருவை எடுக்காம மேலயே கறுப்பா கோட்டிங் அடிச்சா ஈரம் உள்ள மாட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாம அரிக்கும். விக்கிற வண்டியில அடிப்பக்கம் மட்டும் புதுசா கறுப்பா இருந்தா, கூடுதலா ஒரு கேள்வி கேளுங்க.

தகட்டுல ஓட்டைன்னா, அந்த வெல்டிங் செலவை விலையில குறைக்கச் சொல்லுங்க. சேஸிஸ், சஸ்பென்ஷன் மாட்டுற இடம்னா விட்டுடுங்க. அது உயிர் விஷயம்.

கோட்டிங் அவசியமா?

புது கார் டெலிவரி அப்போ ஷோரூம்ல அண்டர்பாடி கோட்டிங்னு ஒரு பில் நீட்டுவாங்க. முதல்ல கம்பெனியே என்ன பாதுகாப்பு கொடுத்திருக்குன்னு வாரண்டி புத்தகத்துல பாருங்க. தூத்துக்குடி, ராமேஸ்வரம், சென்னை கடற்கரைப் பக்கம் வண்டி நிக்கும்னா செலவு நியாயம். திண்டுக்கல் மாதிரி வறண்ட ஊர்ல மட்டும் ஓடும்னா அவசரமில்ல. அடிச்சா, சைலன்சர், பிரேக், டோருக்கு அடியில இருக்கிற தண்ணி வடியிற ஓட்டைகள் இதுல எதுலயும் படக்கூடாது.

காசே ஆகாத பழக்கமும் இருக்கு. கடற்கரை போயிட்டு வந்தா அடிப்பக்கத்தை நல்ல தண்ணியில கழுவுங்க. அந்த ஓட்டைகள்ல மண், இலை அடைக்காம பார்த்துக்குங்க. ஈர கவர் போட்டு நிறுத்தாதீங்க.

தம்பி 40,000 குறைக்கக் கேட்டார், விக்கிறவர் மறுத்தார். விட்டுட்டோம். ரெண்டு வாரம் கழிச்சு டி.என். 57, நம்ம திண்டுக்கல் வண்டியோட வந்தார். "அண்ணா, இ.எம்.ஐ. அப்புறம் போடலாம், முதல்ல லிஃப்ட்ல ஏத்துவோம்"னார். அவ்வளவுதாங்க விஷயம்!