கடல் தாண்டும் கணக்கு – 9: குடும்பத்தோடு போனால் கட்டுபடியாகுமா?

விழுப்புரம் நேருஜி சாலையிலோ திண்டிவனம் நேரு வீதியிலோ ஒரு டிராவல்ஸ் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், ஒரே பெருக்கல் நாலைந்து தடவை காதில் விழும். "ஆறாயிரம் திர்ஹாம்ணே, இருபத்து மூணு ரூபான்னு வச்சாலும் ஒன்னு முப்பத்தெட்டு வருது." ஊரில் முப்பதாயிரத்துக்கு மாடாய் உழைக்கும் ஒருவருக்கு இந்த எண்ணைக் கேட்டதும் தூக்கம் போய்விடும். பெருக்கல் சரிதான். ஆனால் அது எல்லாருக்கும் பொருந்தாது. போன வாரம் வரை தனியாளாகப் போகிறவர்களின் வரவு செலவைப் பார்த்தோம். மனைவி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கு இந்த வாரம்.

தனியாளுக்குக் கம்பெனி ரூம் உண்டு, வேலைக்குப் போய்வர கம்பெனி வேன் உண்டு. நாலு பேர் சேர்ந்து சமைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டுக்கும் போனுக்கும் ஆயிரம் திர்ஹாம் போக மீதி ஐயாயிரமும் ஊருக்கு வந்துவிடும். வந்து சேர்ந்த அந்த ஐயாயிரத்தைத் தாராளமாக 23 ஆல் பெருக்கலாம். அங்கேயே செலவாகிற திர்ஹாம் ரூபாயாக மாறுவதே இல்லை. அது அந்த ஊர் வாடகையிலும் அந்த ஊர் பள்ளிக்கூட ஃபீஸிலும் கரைந்துவிடுகிறது. குடும்பத்தோடு போகிறவருக்குச் சம்பளத்தில் பெரும்பகுதி அப்படிக் கரைகிற பணம்தான். அதனால், ஒரே சம்பளக் கடிதத்தை இரண்டு பேர் கையில் கொடுத்தால் அது இரண்டு வேறு சம்பளம்.

பொருளாதார நிபுணர்கள் இதையே வாங்கும் திறன் என்ற பெயரில் அளக்கிறார்கள். உலக வங்கியின் ஒப்பீட்டின்படி, அமெரிக்காவில் ஒரு டாலர் கொடுத்து வாங்குவதை இந்தியாவில் சராசரியாக 20 ரூபாய்க்குச் சற்று மேலே கொடுத்தால் வாங்கிவிடலாம். வங்கியில் டாலர் 80 ரூபாயைத் தாண்டி எவ்வளவோ காலமாகிவிட்டது. அரிசி, எண்ணெய், செல்போன் போன்றவற்றின் விலை நாட்டுக்கு நாடு அவ்வளவாக மாறாது. பெரிய இடைவெளி வீட்டு வாடகை, பள்ளி, மருத்துவம் ஆகியவற்றில் இருக்கிறது. குடும்பத்துக்கென்றே வருகிற செலவுகளும் இவைதான்.

தாளை எடுத்து ஒரு கணக்குப் போடுவோம். திண்டிவனத்துக்காரர் ஒருவருக்கு ஷார்ஜாவில் சூப்பர்வைசர் வேலை, எல்லாம் சேர்த்து மாதம் 6,000 திர்ஹாம். மனைவி, இரண்டாவதும் ஐந்தாவதும் படிக்கும் இரண்டு பிள்ளைகள். செலவு எண்கள் உதாரணத்துக்கு நான் வைத்தவை. போகும் இடத்து விலையை விசாரித்து நீங்கள் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு படுக்கையறை வீட்டுக்கு வருடம் 36,000 என்றால் மாதம் 3,000. ஃபீஸ் குறைந்த இந்தியப் பள்ளியில், பஸ், புத்தகம், யூனிஃபார்ம் உட்பட இரண்டு பிள்ளைகளுக்கும் மாதம் 1,800. மளிகை, பால், காய்கறி, கறி, மீன் 1,300. கரண்ட், தண்ணீர், இன்டர்நெட், போன் 700. மொத்தம் 6,800. போக்குவரத்து, மருந்து, விசா புதுப்பித்தல், லீவுக்கு ஊர் வந்து போக நாலு டிக்கெட் எதுவும் இன்னும் சேரவில்லை. அதற்குள் மாதம் 800 திர்ஹாம் துண்டு விழுகிறது. ஊருக்கு ஒரு பைசா அனுப்ப வழியில்லை.

வாடகை கொடுக்கும் முறையும் நம் ஊர் மாதிரி கிடையாது. பெரும்பாலான வீடுகளுக்கு வருட வாடகையை ஒன்று, இரண்டு அல்லது நாலு செக்குகளாக முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அதோடு டெபாசிட், புரோக்கர் கமிஷன், மின் இணைப்புக்குத் தனி டெபாசிட். துபாயில் இவை போக, வருட வாடகையில் 5 சதவீதம் வீட்டுக் கட்டணமாக மாதாந்தர மின்சார, தண்ணீர் பில்லோடு சேர்ந்து வரும். நம் உதாரணக்காரர் நாலு செக் போட்டாலும் முதல் செக் 9,000. டெபாசிட், கமிஷன், கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்ந்தால் முதல் சம்பளத்தைக் கண்ணால் பார்க்குமுன் மூன்று லட்ச ரூபாய்க்கு மேல் புரட்டியாக வேண்டும். நம் பக்கத்தில் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று சொல்லத் தேவையில்லை. மனைவியின் நகை அடகுக் கடைக்குப் போகும், வட்டி ஏறிக்கொண்டிருக்கும்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் 2019 முதல், மாதம் 4,000 திர்ஹாம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹாமும் தங்குமிடமும் இருந்தால் குடும்பத்துக்கு விசா எடுக்கலாம். "ஃபேமிலி விசா கிடைக்கும்ணே" என்று ஏஜென்ட் சொல்வது பொய்யில்லை. ஆனால் விசா கொடுக்கச் சட்டம் வைத்திருக்கும் கோடு வேறு, வீடு நடத்த வேண்டிய கோடு வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும் குடும்பங்கள்தான் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டைப் பங்கு போட்டு, பிள்ளைகளை ஒரு அறைக்குள் அடைத்து வைத்து வாழ வேண்டியதாகிறது. அந்தப் பிள்ளைகளை நினைத்துத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

சவுதியில் குடும்பத்துக்கு நேரடியாகவே ஒரு விலை இருக்கிறது. 2017 ஜூலையில் தலைக்கு மாதம் 100 ரியால் என்று தொடங்கிய குடும்பக் கட்டணம் ஆண்டுக்கு நூறு நூறாக ஏறி 2020இல் 400 ஆனது. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருந்தால் மாதம் 1,200, வருடம் 14,400 ரியால். இக்காமா என்கிற வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கும்போது முன்பணமாகக் கட்ட வேண்டிய தொகை இது. நம் பணத்தில் மூன்று லட்சத்தைத் தாண்டும். இந்தக் கட்டணம் வந்த பிறகு மனைவி பிள்ளைகளை எக்ஸிட்டில் ஊருக்கு அனுப்பிவிட்டு மறுபடி பேச்சிலர் ரூமுக்குத் திரும்பியவர்கள் ஏராளம்.

சிங்கப்பூரில் குடும்ப பாஸ் எடுக்க நிலையான மாதச் சம்பளம் 6,000 வெள்ளி இருக்க வேண்டும். ஓவர்டைம் சேர்த்து அந்தத் தொகை வந்தால் செல்லாது. ஒர்க் பெர்மிட்காரர்களுக்கு அந்தப் பேச்சே இல்லை. பிரிட்டனில் 2024 மார்ச் 11 முதல், 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து ஆள் எடுப்பது நிறுத்தப்படும் வரை, முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாகப் போனவர்கள் குடும்பத்தைக் கூட்டிச் செல்ல முடியவில்லை. மருத்துவத் துறை தவிர மற்ற திறன் வேலைகளுக்குப் போகிறவர்கள் மருத்துவ வரியாகப் பெரியவருக்கு வருடம் 1,035 பவுண்டும் பிள்ளைக்கு 776 பவுண்டும் கட்ட வேண்டும். நாலு பேருக்கு மூன்று வருட விசா என்றால் 10,866 பவுண்ட், விமானம் ஏறுவதற்கு முன்பே. நிறுவனம் கட்டுமா, நாம் கட்டுவதா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளாமல் வேலையை விடக்கூடாது.

செலவுப் பக்கம் இவ்வளவு. வரவுப் பக்கத்தில் பலர் பார்க்காமல் விடுவது ஒன்று உண்டு. ஊரில் இருக்கும் வரை நமக்குப் பணமாக வராமலே ஒரு வருமானம் வந்துகொண்டிருக்கிறது. சொந்த வீட்டில் இருப்பவருக்கு வாடகை என்ற வரி மனதிலேயே கிடையாது. ரேஷன் கடையில் விலையில்லா அரிசி. 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரத்துக்குக் கட்டணம் இல்லை. 2021 முதல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அரசுத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு மதியச் சாப்பாடு எப்போதும் உண்டு, 2022 முதல் காலைச் சாப்பாடும் படிப்படியாக வந்துவிட்டது. 2023 செப்டம்பர் முதல் தகுதியுள்ள குடும்பத் தலைவியின் கணக்கில் மாதம் 1,000 ரூபாய். காய்ச்சல் விடவில்லை என்றால் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது. பிள்ளை பள்ளி விட்டு வந்தால் சோறு போட்டுப் பார்த்துக்கொள்ள ஆயா இருக்கிறார். காணி நிலம் இருந்தால் வருடத்துக்கு வேண்டிய நெல்லும் மணிலாவும் வீட்டுக்கு வந்துவிடும். சம்பளச் சீட்டில் ஏறாத இத்தனையும் விமானம் ஏறிய அன்றே நின்றுபோகும். அங்கே ஒவ்வொன்றையும் காசு கொடுத்து வாங்க வேண்டும். ஊரில் முப்பதாயிரம் வாங்குகிறவர் உண்மையில் முப்பதாயிரத்தில் வாழவில்லை, அதற்கு மேலே வாழ்கிறார். ஒப்பிடும்போது அந்த மேல்தொகையையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

ஊர்ச் செலவு மட்டும் நிற்காது. அப்பாவின் சர்க்கரை மாத்திரை, அம்மாவின் கண் ஆபரேஷன், சீட்டுத் தவணை எல்லாம் அப்படியே ஓடும். கல்யாணம் காதுகுத்து என்றால் வெளிநாட்டில் இருக்கிற வீட்டிலிருந்து வரும் மொய் கூடுதலாக இருக்க வேண்டும் என்றுதான் சொந்தக்காரர்கள் எதிர்பார்ப்பார்கள்.

அடுத்தது மனைவியின் சம்பளம். நம் பக்கத்துப் பெண்கள் பலர் தனியார் பள்ளியில் ஆசிரியராக, ஆஸ்பத்திரியில் நர்ஸாக, கடையில் கணக்கெழுதுகிறவராக வேலை பார்க்கிறார்கள். கணவரோடு போவதற்காக எழுதிக் கொடுக்கும் ராஜினாமாவும் ஒரு செலவுதான், யாரும் அதைத் தாளில் எழுதுவதில்லை. சிங்கப்பூரில் 2021 மே முதல், குடும்ப பாஸில் இருப்பவர் வேலை பார்க்க வேண்டுமானால் தனியாக ஒரு வேலை பாஸ் எடுத்தாக வேண்டும். அமீரகத்தில் கணவர் விசாவில் இருந்துகொண்டே லேபர் பெர்மிட்டோடு வேலை பார்க்கலாம். போகும் நாட்டில் மனைவி வேலை பார்க்க முடியுமா என்பதை முதலில் கேட்க வேண்டும். இரண்டு சம்பளம் வரும் வீட்டில் மேலே போட்ட கணக்கு அடியோடு மாறிவிடும். கணவனும் மனைவியும் நர்ஸாக இருக்கும் குடும்பங்கள் வளைகுடாவில் காலூன்றி நிற்பதற்கு இதுதான் காரணம்.

இந்தக் கணக்கு நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1993இல் விழுப்புரம் தனி மாவட்டம் ஆவதற்கு முன் இது தென்னார்க்காடு. சென்ற நூற்றாண்டின் முதல் பாதியில் இங்கிருந்து குடும்பம் குடும்பமாக மலாயா ரப்பர் தோட்டங்களுக்கு, ஆள் திரட்டும் கங்காணி பின்னால் போனார்கள். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் அவர்களைக் கப்பலேற்றும் முகாம்கள் இருந்தன. 1922 குடிபெயர்வுச் சட்டத்துக்குப் பிறகு, தொழிலாளி குடும்பத்தின் சாப்பாடு, துணிமணிச் செலவுகளைக் கணக்கெடுத்து அதன்மேல் 'தரக் கூலி' வகுத்தார்கள். 1920களின் இறுதியில் பல பகுதிகளில் அது ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் அதுவும் வெட்டப்பட்டது, ஆயிரக்கணக்கானோர் திருப்பி அனுப்பப்பட்டார்கள். 1936 கடைசியில் இந்திய அரசு சார்பில் மலாயா போய்ப் பார்த்த வி.எஸ். சீனிவாச சாஸ்திரி, பழைய 50, 40 காசையே திரும்பக் கொடுக்கப் பரிந்துரைத்தார். பயணச் செலவுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் போவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தியது. அந்த ஏழைக் கணக்கில்கூடப் பெண்ணின் 40 காசு வரவில் இருந்தது. இன்று வெளிநாட்டுக்குக் குடும்பத்தோடு போகும் பல வீடுகளில் அது இல்லை.

இனி சம்பளக் கடிதம். மொத்தத் தொகைக்குக் கீழே பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அமீரகத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம் பணிக்கொடையாக வரும். 6,000இல் பேசிக் 2,400 என்றால் ஒரு வருடத்துக்கு 1,680 திர்ஹாம். பேசிக் 4,000 என்றால் 2,800. மொத்தச் சம்பளம் ஒன்றுதான், கடைசியில் கைக்கு வரும் பணம் இவ்வளவு வேறுபடுகிறது. குடும்பத்துக்கு டிக்கெட், குடும்பத்துக்கு இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் ஃபீஸில் பங்கு ஆகியவை கடிதத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வாய்ப்பேச்சில் "பாத்துக்கலாம்" என்று சொன்னதை அங்கே போய்க் கேட்க முடியாது. அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை வாய்ப்புக் கடிதம் தமிழிலும் உண்டு. அதைக் கேட்டு வாங்கி மனைவியும் கூட உட்கார்ந்து படிக்கட்டும்.

இதையெல்லாம் போகாதீர்கள் என்பதற்காக எழுதவில்லை. வருடத்துக்கு முப்பது நாள் மட்டும் அப்பாவைப் பார்த்து வளரும் பிள்ளைகளை இந்த மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். அந்த இழப்புக்கு ரூபாயிலும் விலை கிடையாது, திர்ஹாமிலும் கிடையாது. சேமிப்பே இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் இருப்போம் என்று ஒரு குடும்பம் தெரிந்தே முடிவெடுத்தால் அதை நான் மதிக்கிறேன். வீடு கட்டலாம், கடன் அடைக்கலாம் என்ற நினைப்பில் போய் அங்கே துண்டு விழுவதைத்தான் தடுக்க வேண்டும்.

முதலில் ஒருவர் மட்டும் போய் ஒரு வருடம் இருந்து, உண்மையான வாடகையையும் ஃபீஸையும் எழுதி அனுப்பட்டும். முழுப் பரீட்சை லீவில் விசிட் விசாவில் மனைவி பிள்ளைகள் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும். வளைகுடாவின் இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் சிபிஎஸ்இ. ஏப்ரலில் வகுப்பு தொடங்கும் என்பதால் அதற்கு ஏற்பப் பயணத்தை வைத்துக்கொள்ளலாம். அந்த ஒரு வருடத்தில் இங்கே முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. கோயிலில் தாலி கட்டி, திருமணத்தை இன்றுவரை பதிவு செய்யாத தம்பதிகள் சார்பதிவாளர் அலுவலகம் போய்ப் பதிவு செய்துகொள்ள வேண்டும். திருமணச் சான்றிதழிலும் பாஸ்போர்ட்டிலும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழிலும் பெயரும் இனிஷியலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். குடும்ப விசாவுக்குத் தேவைப்படும் அட்டஸ்டேஷனுக்கு அந்தத் தாள்கள் எங்கெங்கே போகின்றன, ஒவ்வொரு இடத்திலும் என்ன கேட்பார்கள் என்பதை அடுத்த வாரம் எழுதுகிறேன்.

(தொடரும்)