கிறிஸ்துமஸுக்குக் கருப்பட்டிக் காப்பிப் பாகு

வீட்டிலேயே காப்பி மது தயாரித்து கிறிஸ்துமஸ் பரிசாகக் கொடுப்பது மேலை நாடுகளில் உண்டு. இங்கே தமிழ்நாட்டில் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். கன்னியாகுமரி மாவட்டக் குழித்துறைக்காரர்களுக்கு அது தேவையும் இல்லை. மார்த்தாண்டத்தில் நல்ல கருப்பட்டி கிடைக்கிறதே!

அரைக் கிலோ கருப்பட்டியைத் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள். மண்ணும் தூசியும் அடியில் தங்கும். இரண்டு கிராம்பு போட்டுக் காய்ச்சுங்கள். 2021இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மாவட்ட மலைக் கிராம்பாக இருந்தால் மணமே தனி. விரலில் பிசுபிசுத்ததும் கெட்டி டிக்காஷன் ஒரு டம்ளர் சேர்த்து ஒரு கொதி விட்டு இறக்குங்கள். ஆறியதும் ஈரமில்லாத குப்பியில் ஊற்றி ஃபிரிட்ஜில் வையுங்கள். கொடுக்கும்போது, பாலை அடுப்பிலிருந்து இறக்கியபின் கலக்கச் சொல்லுங்கள். சேர்த்துக் கொதிக்கவிட்டால் பால் திரிந்துவிடும்.