ஜெலுத்தோங் புலிக்கு ஓர் ஓட்டு, கெராக்கானுக்கு ஓர் ஓட்டு

யாருக்காக இந்த ஓட்டு? – பகுதி 6

2018 வரை மலேசியப் பொதுத்தேர்தலில் பினாங்கில் வாக்களிக்கப் போனவர் கையில் இரண்டு சீட்டுகளைக் கொடுத்தார்கள். ஒன்று நாடாளுமன்றத்துக்கு, இன்னொன்று மாநிலச் சட்டமன்றத்துக்கு. 1995 ஏப்ரலில் அங்கே அந்த இரண்டு சீட்டுகளும் இரண்டு திசைகளில் விழுந்தன. சட்டமன்றத்தின் 33 இடங்களில் 32ஐ, நாட்டை ஆண்ட கூட்டணியான தேசிய முன்னணி அள்ளிக்கொண்டது. அதற்கு முந்தைய தேர்தலில் 14 இடம் வைத்திருந்த ஜனநாயக செயல் கட்சி (ஜசெக), நம் பேச்சில் ராக்கெட் கட்சி, ஒரே ஓர் இடத்தோடு நின்றது. ஆனால் அதே நாளில், அதே சாவடிகளில், ஜெலுத்தோங் மக்கள் நாடாளுமன்றத்துக்கு ராக்கெட் வேட்பாளரையே மறுபடியும் அனுப்பினார்கள். அவர் கர்பால் சிங்.

சாலைக்கும் சாக்கடைக்கும் முதலீட்டுக்கும் தேசிய முன்னணியின் உறுப்புக் கட்சியான கெராக்கானின் மாநில அரசு போதும். கோலாலம்பூரில் எழுந்து நின்று சத்தம் போட கர்பால் வேண்டும். இப்படிக் கணக்குப் போட்டு ஓட்டுப் போட்டவர்களைக் கண்மூடி விசுவாசிகள் என்று சொல்ல முடியாது. ஊரையே இரண்டாக்கும் ஒரு தலைவர் பின்னால் மக்கள் ஏன் ஆண்டுக்கணக்கில் நிற்கிறார்கள் என்று கேட்கும் போதெல்லாம், "உணர்ச்சிவசப்பட்டவர்கள்", "இனம் பார்த்துப் போடுகிறவர்கள்" என்று இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. பினாங்கின் கதையில் இரண்டுமே நிற்கவில்லை.

முதலில் இனத்தைப் பார்ப்போம். கர்பால் ஒரு சீக்கியர். 1940 ஜூன் 28இல் ஜார்ஜ்டவுனில் பிறந்தவர். பஞ்சாபிலிருந்து வந்த அவருடைய தந்தை காவல் வேலையும் மாடு வளர்ப்பும் செய்து குடும்பத்தை நடத்தினார். மகன் செயின்ட் சேவியர் பள்ளியில் படித்து, சிங்கப்பூரில் சட்டம் முடித்து, 1970இல் ஜசெகவில் சேர்ந்தார். 1978இல் ஜெலுத்தோங்கில் நின்றார். அது சீனர்கள் பெரும்பான்மையாக வாழும் தொகுதி. எதிரே சீன வேட்பாளர்களை நிறுத்திப் பார்த்தும், 21 ஆண்டுகள் அந்தத் தொகுதி ஒரு சீக்கியரின் கையில்தான் இருந்தது. தங்கள் இனத்தவர் ஒருவர் சீட்டில் இருந்தும் அவரைத் தாண்டிப் போய் இவருக்கு ஓட்டுப் போட்டவர்களின் மனத்தை இனம் என்ற ஒற்றைச் சொல் விளக்கிவிடாது.

எல்லாருக்கும் பிடித்த மனிதராக அவர் இருந்ததும் இல்லை. 1990 தேர்தல் சமயத்தில், மலேசியா இஸ்லாமிய நாடாக வேண்டுமானால் அது தன் பிணத்தின் மீதுதான் நடக்கும் என்ற பொருளில் அவர் சொன்னது, கடைசிவரை அவரைத் துரத்தியது. மலாய் முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் அதைத் தங்கள் சமயத்தின் மீது விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டார்கள். அரண்மனைகள் தொடர்பான வழக்குகளையும் அவர் தயங்காமல் எடுத்தார்; மற்ற வழக்கறிஞர்கள் பேசவே யோசித்த விஷயங்கள் அவை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சாமிவேலுவோடு நாடாளுமன்றத்தில் நடந்த ஒரு சொற்போரில், அவர் சிங்கமாக இருந்துகொள்ளட்டும், நான் புலி, இந்த நாட்டில் சிங்கமே கிடையாது என்று சொல்லித்தான் "ஜெலுத்தோங் புலி" என்ற பெயரே நிலைத்தது என்பார்கள். ஒரு பக்கம் இந்த வாய்க்காகவே வெறுத்தது. மறுபக்கம் இந்த வாய்க்காகவே ஓட்டுப் போட்டது.

1987 அக்டோபர் 27இல் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பிடிபட்டார்கள். கர்பாலும் அதில் ஒருவர். 1988 மார்ச்சில் ஈப்போ உயர்நீதிமன்றம் அவரை விடுவித்தது. அன்றைய பொழுது முடிவதற்குள் மீண்டும் கைது செய்தார்கள். 1989 ஜனவரியில்தான் வெளியே வந்தார். அடுத்த ஆண்டே தேர்தல், ஜெலுத்தோங் கைவிடவில்லை. சிறைக்குப் போய்வந்த தலைவர் மீது மக்களுக்கு இரக்கம் பிறக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரக்கம் ஒரு தேர்தலுக்கு மேல் தாங்காது. இங்கே வேலை செய்தது வேறொன்று. அவரைப் பிடித்துப் போனவர்கள் தங்களையும் பார்த்துத்தான் மிரட்டுகிறார்கள் என்று அந்த வாக்காளர் நினைத்தார். அப்படி நினைக்கத் தொடங்கிவிட்டால், தலைவர் மீது விழும் ஒவ்வொரு குற்றச்சாட்டும் ஆதரவைக் குறைக்காமல் கூட்டும்.

அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட், லூசியானா மாநிலத்துப் பழமைவாத வாக்காளர்களோடு சுமார் 5 ஆண்டுகள் பழகி, 2016இல் ஒரு நூல் வெளியிட்டார். அவர்கள் மனத்தின் அடியில் அவர் கண்ட கதை ஒரு வரிசையைப் பற்றியது. நீண்ட வரிசையில் பொறுமையாக நிற்கிறோம், முன்னால் யார் யாரோ வந்து புகுந்துகொள்கிறார்கள், கேட்டால் நம்மையே குறை சொல்கிறார்கள் என்ற மனக்குறை. 1971இல் மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்திராக்களுக்கு முன்னுரிமை தந்த புதிய பொருளாதாரக் கொள்கை வந்த பின், பல்கலைக்கழக இடத்துக்கும் உரிமத்துக்கும் குத்தகைக்கும் காத்திருந்த சீனருக்கும் இந்தியருக்கும் அந்த வரிசை புதிதல்ல. லூசியானாவின் வெள்ளையர் நிலையும் ஜெலுத்தோங்கின் சிறுபான்மையினர் நிலையும் ஒன்றல்ல. முன்னவர் நாட்டின் பெரும்பான்மை. ஆனால் வீட்டுக்குள் மட்டும் முணுமுணுத்ததை ஒருவர் மேடையில், பெயர் சொல்லி, பயமில்லாமல் சொல்லும்போது கேட்பவர் நெஞ்சில் நடப்பது இரண்டு இடத்திலும் ஒன்றுதான். டொனால்ட் டிரம்ப் மீது 2023இல் நான்கு குற்ற வழக்குகள் வந்தன. 2024 மே மாதம் நியூயார்க்கில் 34 குற்றச்சாட்டுகளில் குற்றவாளி என்று தீர்ப்பானது. நவம்பரில் அதிபர் தேர்தலில் வென்றார். தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தோம். 2014 செப்டம்பரில் பெங்களூரு சிறப்பு நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு 4 ஆண்டு தண்டனை விதித்தது. மறு ஆண்டு மே மாதம் உயர்நீதிமன்றம் விடுவித்ததும், ஜூன் இடைத்தேர்தலில் ஆர்.கே. நகர் அவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வெல்ல வைத்தது.

இந்தப் பிணைப்பு ஆபத்தானது என்பதை மறைக்கக் கூடாது. அநியாயமாகத் துரத்தப்படும் தலைவரையும், தப்புச் செய்து மாட்டிக்கொண்ட தலைவரையும் அது ஒரே கண்ணால்தான் பார்க்கும்.

ஆனால் அந்தப் பிணைப்புக்கும் ஒரு நிபந்தனை உண்டு. அது 1999 நவம்பர் 29இல் தெரிந்தது.

துணைப் பிரதமர் அன்வார் இப்ராஹிம் பதவி நீக்கப்பட்டுச் சிறைக்குப் போன மறு ஆண்டு அது. எதிர்க்கட்சிகள் மாற்றுக் கூட்டணி அமைத்தன. அதில் ஜசெகவும் இருந்தது, இஸ்லாமிய நாட்டை இலக்காகக் கொண்ட பாஸ் கட்சியும் இருந்தது. கர்பால் தன் நிலைப்பாட்டில் ஒரு வார்த்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் ராக்கெட்டுக்குப் போடும் ஓட்டு பாஸுக்குப் போடும் ஓட்டு என்று தேசிய முன்னணி தெருத் தெருவாகச் சொன்னது எடுபட்டது. ஜெலுத்தோங்கில் கெராக்கானின் லீ காஹ் சூன் 775 வாக்குகளில் வென்றார். பக்கத்தில் புக்கிட் பெண்டேராவில் ஜசெகவின் மூத்த தலைவர் லிம் கிட் சியாங் 104 வாக்குகளில் தோற்றார். பாஸ் நாடு முழுவதும் 27 நாடாளுமன்ற இடங்களைப் பிடித்தது. ஜசெக 10இல் நின்றது.

21 ஆண்டுகள் கூட நின்றவர்கள் ஒரே இரவில் மனம் மாறிவிடவில்லை. அந்த 775 சொல்வதே அதைத்தான்: பெரும்பாலோர் அப்போதும் அவரோடுதான் இருந்தார்கள். விலகிய சிலர் அவரைப் பிடிக்காமல் விலகவில்லை. எந்தக் கோட்டைக் காப்பார் என்று நம்பி அனுப்பினார்களோ அந்தக் கோடே மங்குகிறது என்று பயந்தார்கள். மனிதர் மீது வைத்த பற்றாகத் தெரிந்தது, பாதிக்கு மேல் அவர் பிடித்த கோட்டின் மீது வைத்த பற்று.

2001 செப்டம்பரில் இஸ்லாமிய நாடு பற்றிய அதே பிரச்சினையில் ஜசெக கூட்டணியை விட்டு வெளியேறியது. 2004இல் கர்பால் பக்கத்துத் தொகுதியான புக்கிட் குளுகோரில் நின்று 1,261 வாக்குகளில் வென்றார். 2005இல் வீட்டு வாசலில் ஒரு டாக்சி மோதி, அதற்குப் பின் சக்கர நாற்காலியிலேயே நாடாளுமன்றம் போனார். பெரும்பான்மை 2008இல் 21,015, 2013இல் 41,778 என்று ஏறியது. பேராக் மாநில ஆட்சி மாறியபோது சுல்தான் எடுத்த முடிவைச் சட்டப்படி கேள்வி கேட்கலாம் என்று 2009இல் சொன்னதற்காகத் தேசநிந்தனை வழக்கு நடந்தது. 2014 மார்ச்சில் 4,000 ரிங்கிட் அபராதம். அபராதம் 2,000 ரிங்கிட்டோ அதற்கு மேலோ இருந்து, மேல்முறையீட்டிலும் தோற்றால் பதவி போய்விடும். அந்த மேல்முறையீடு நடப்பதற்குள், ஏப்ரல் 17 விடிகாலையில், வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் கம்பார் அருகே கார் விபத்தில் இறந்தார். மே 25 இடைத்தேர்தலில் மகன் ராம்கர்பால் 37,659 வாக்குகள் பெரும்பான்மையில் வென்றார். தந்தை மீதான அந்தத் தண்டனையைக் கூட்டரசு நீதிமன்றம் 2019இல் ரத்து செய்தது.

பினாங்குத் தமிழர்களுக்கு இதே கேள்வி இன்னும் நெருக்கமான ஒரு பெயரில் வந்தது: பேராசிரியர் பி. இராமசாமி. 2007 நவம்பர் 25இல் இந்தியர் உரிமைக்காக நடந்த ஹிண்ட்ராஃப் பேரணியின் சூடு ஆறாத நேரத்தில், 2008 மார்ச் 8இல் பத்து கவான் நாடாளுமன்றத் தொகுதியில் ஜசெக வேட்பாளராக நின்று, 1990 முதல் முதலமைச்சராக இருந்த கோ சூ கூனை 9,485 வாக்குகளில் வீழ்த்தினார். பிறை சட்டமன்றத் தொகுதியிலும் வென்று, இரண்டாம் துணை முதல்வராக 15 ஆண்டுகள் இருந்தார். இந்து அறப்பணி வாரியம் அவர் தலைமையில் இருந்தபோது 2017 தைப்பூசத்துக்குத் தங்க ரதம் வந்தது. நகரத்தாரின் வெள்ளி ரதமும் வழக்கம்போல் புறப்பட்டது. பக்தர்களிடையே வாக்குவாதம் எழுந்தது. தமிழுக்காகத் தட்டிக் கேட்கும் ஒரே ஆள் என்று ஒரு சாரார். எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்பவர் என்று இன்னொரு சாரார்.

2023 ஆகஸ்ட் மாநிலத் தேர்தலில் ஜசெக அவரை நிறுத்தவில்லை. பிறையில் புதியவர் சுந்தரராஜு சோமு ராக்கெட் சின்னத்தில் நின்று வென்றார். இராமசாமி கட்சியை விட்டு விலகி, பின்னர் உரிமை கட்சியைத் தொடங்கினார். அந்த நவம்பரில், இஸ்லாமிய மதபோதகர் ஜாகிர் நாயக் தொடுத்த அவதூறு வழக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது: 15 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட் இழப்பீடு. பொதுமக்களிடம் கேட்டார்; சில வாரங்களிலேயே நிதி சேர்ந்துவிட்டது. பணம் கொடுத்தவர்கள் நாடு முழுவதும் இருந்தார்கள், ஓட்டுப் போட்டவர்கள் பிறையில் இருந்தார்கள், ஆகவே இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் ஜாகிர் நாயக்கை எதிர்த்துப் பேசியவருக்காக மடியை அவிழ்த்த அதே சமூகம், சீட்டு என்று வந்தபோது சின்னத்தோடு நின்றது. மத்தியிலும் மாநிலத்திலும் ஆட்சியில் இருக்கும் கூட்டணியை இழக்க அது விரும்பவில்லை. 1995இல் ஜெலுத்தோங் போட்ட கணக்குக்கு இது தூரத்துச் சொந்தம்.

பிறை இருக்கும் அதே செபராங் பிறைப் பகுதியில், இந்தப் பிணைப்புக்கு இன்னொரு சான்று பெர்மாத்தாங் பாவ். மலாய்க்காரர் பெரும்பான்மைத் தொகுதி. 1982இல் அன்வார் இங்கே, தேசிய முன்னணியின் தலைமைக் கட்சியான அம்னோவின் வேட்பாளராக முதல் முறை வென்றார். 1998இல் கைதானபின் இந்த ஊர் அவர் மனைவி வான் அசிசாவை 1999இல் 9,077 வாக்குகளில் அனுப்பியது. 2004இல் அந்தப் பிணைப்பு அறுந்துபோகும் நிலைக்கு வந்தது: 590 வாக்குகள். 2008 ஆகஸ்ட் 26 இடைத்தேர்தலில், இரண்டாவது முறை குற்றம் சாட்டப்பட்ட நிலையில் நின்ற அன்வாருக்கு 15,671. 2018இல் மகள் நூருல் இஸ்ஸாவுக்கு 15,668. வழக்கு வரும்போதெல்லாம் ஊர் தோள் கொடுத்தது.

2022 நவம்பரில் அன்வார் தம்புனில் நின்றார். பெர்மாத்தாங் பாவில் நூருல் இஸ்ஸா நின்றார். வாக்களிக்கும் வயது 18ஆகக் குறைக்கப்பட்டு, பதிவும் தானாகவே நடக்கத் தொடங்கியபின் வந்த முதல் பொதுத்தேர்தல். அந்த 18 வயதுக்காரர் பிறந்தது 2004இல். 1998இல் கண்ணில் கறுத்த காயத்தோடு நீதிமன்றத்துக்கு வந்த அன்வார் அவருக்குப் பெற்றோர் சொன்ன கதை. பாஸ் கட்சியின் முகமது ஃபவ்வாஸ் 37,638 வாக்குகள் பெற்றார்; நூருல் இஸ்ஸா 32,366. பாஸ் இடம்பெற்ற பெரிக்காத்தான் கூட்டணிக்கு வடக்கு முழுவதும் அடித்த அலைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. ஆனால் முன்பும் அலைகள் வந்தன. 2004இல் நாடெங்கும் தேசிய முன்னணி அலை அடித்தபோது கூட இந்த ஊர் 590 வாக்குகளில் தாங்கி நின்றது. இம்முறை தாங்குவதற்கு ஊரிடம் காரணம் இருக்கவில்லை. பக்கத்தில் நின்று காக்க வேண்டிய மனிதராக அன்வார் இப்போது அவர்களுக்குத் தெரியவில்லை. தேர்தல் முடிந்த ஐந்தாம் நாள், நவம்பர் 24இல், அவர் பிரதமரானார். 40 ஆண்டுகள் அந்தக் குடும்பத்தைத் தாங்கிய தொகுதி அப்போது எதிர்க்கட்சியின் கையில் இருந்தது.

1995லும் 1999லும் ஜெலுத்தோங்கில் ஓட்டுப் போட்ட வாசகர்கள் பலர் இதைப் படிப்பீர்கள். அந்த இரண்டு சீட்டுகளிலும் உங்கள் ஓட்டு எங்கே விழுந்தது, ஏன் என்று எங்களுக்கு எழுதுங்கள். அடுத்த வாரம் சுங்கை சிப்புட்: 1974 முதல் சாமிவேலுவைத் தேர்ந்தெடுத்து அனுப்பிய தொகுதி, 2008இல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜிடம் போனது எப்படி என்று பார்ப்போம்.